கென்டக்கிக்குப் போன குடும்பம்

எல்லைப்புறக் குடிகள் – பகுதி 9

1773 அக்டோபர் 10, விடியும் நேரம். வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில், வாலன்ஸ் ஓடைக் கரையில் எட்டுப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கென்டக்கிக்குக் குடிபெயரும் பெரிய கூட்டம் அவர்களுக்கு மூன்று மைல் முன்னால் தங்கியிருந்தது. அந்தக் கூட்டத்துக்கு வேண்டிய பொருள்களோடு பின்னால் வந்தவர்கள், இருட்டிவிட்டதால் ஓடைக்கரையிலேயே படுத்துவிட்டார்கள். டெலவேர், ஷானி, செரோக்கி ஆகிய பூர்வகுடி இனங்களைச் சேர்ந்த ஒரு குழு அவர்களைச் சூழ்ந்து சுட்டது.

குண்டுபட்டவர்களில் ஒருவன் ஜேம்ஸ் பூன். வயது 16. இடுப்பில் காயம்பட்டு நகர முடியாமல் கிடந்தான். தாக்க வந்தவர்களில் ஒருவனை அவனுக்குத் தெரியும். பிக் ஜிம் என்று வெள்ளையர்கள் அழைத்த அந்த மனிதன் பூன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து போனவன். பெயர் சொல்லிக் கெஞ்சியும் பயனில்லை. கத்தியால் கீறியும் நகங்களைப் பிடுங்கியும் வதைத்துக் கொன்றார்கள். அத்தனையையும் பார்த்தவர் ஆடம் என்ற கறுப்பின அடிமை. ஓடையோரம் ஒதுங்கிக் கிடந்த மரக்கட்டைகளுக்கு அடியில் ஒளிந்து உயிர் தப்பினார். அங்கே நடந்தது இன்று நமக்குத் தெரிகிறது என்றால் அவர் உயிரோடு திரும்பியதால்தான்.

முன்னால் இருந்த கூட்டத்துக்குச் செய்தி வந்தது. இன்னொரு தாக்குதல் வரலாம் என்று ஜேம்ஸின் தந்தை டேனியல் பூன் அங்கேயே காவலுக்கு நின்றார். இறந்தவர்களை அடக்கம் செய்ய அவருடைய தம்பி ஸ்குவயர் புறப்பட்டார். அப்போது டேனியலின் மனைவி ரெபெக்கா பொதியை அவிழ்த்து லினன் விரிப்புகளை எடுத்துக் கொழுந்தனிடம் கொடுத்தார். தலைச்சன் பிள்ளையை வெறும் மண்ணில் போட அவருக்கு மனம் வரவில்லை. அன்று அவர் கையில் ஐந்து மாதக் குழந்தை ஒன்று இருந்தது.

அந்த விரிப்புகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எல்லைப்புறத்தில் லினன் துணி பெரும்பாலும் வீட்டிலேயே உருவானது. ஆளி விதைத்து, செடியைப் பிடுங்கி, தண்டை நீரில் ஊறப்போட்டு, உலர்த்தி, அடித்து, நாரைச் சீப்பில் வாரி, நூற்று, தறியில் நெய்தால்தான் விரிப்பு. விதைப்பு முதல் நெசவு வரை ஏறக்குறைய ஒரு வருடம் ஓடிவிடும். புது வீட்டில் விரிப்பதற்காகக் குதிரை முதுகில் ஏற்றி வந்த துணி மகனுக்குக் கோடித் துணியானது.

சென்ற இரண்டு இதழ்களில் டேனியல் பூனின் வேட்டைகளையும் போர்களையும் பார்த்தோம். கணவாய் வழியே பாதை வெட்டியது, சிறைப்பட்டது, தப்பி ஓடியது எல்லாம் அவற்றிலேயே வந்துவிட்டன. இந்த இதழில் அவருடைய குடும்பத்தைப் பார்க்கலாம். எல்லைப்புறத்தை ஒற்றை ஆள் துப்பாக்கியோடு போய்த் திறந்த கதையாகச் சொல்லியே பழக்கமாகிவிட்டது. அந்தச் சித்திரம் பொய் என்பது என் உறுதியான கருத்து. காட்டைப் பார்த்துவிட்டு வர ஓர் ஆள் போதும். அங்கே குடியிருக்க ஒரு குடும்பம் வேண்டும். அதற்கான விலையையும் அந்தக் குடும்பம்தான் கொடுத்தது.

இடம் பெயர்வது பூன்களுக்கு அப்பா காலத்திலேயே தொடங்கிவிட்டது. டேனியலின் தந்தை ஸ்குவயர் பூன் இங்கிலாந்தில் டெவன் பகுதியைச் சேர்ந்த நெசவாளர்; குவேக்கர் சபைக்காரர். 1713இல் பென்சில்வேனியாவுக்கு வந்தார். அவருக்கும் சாரா மார்கனுக்கும் பிறந்த பதினொரு பிள்ளைகளில் ஆறாவது பிள்ளை டேனியல். பிறந்தது 1734இல். மூத்த மகள் 1742இல் சபைக்கு வெளியே ஒருவரை மணந்தபோது பெற்றோர் சபை முன் நின்று வருத்தம் தெரிவித்தார்கள். 1747இல் மகன் இஸ்ரேலும் வெளியிலேயே பெண் எடுத்தான். இந்த முறை அப்பா தலை குனியவில்லை. மகன் பக்கம் நின்றார். சபை அவரை விலக்கிவைத்தது. 1750இல் நிலத்தை விற்றுவிட்டு, குடும்பத்தோடு தெற்கே வட கரோலினாவின் யாட்கின் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்.

அதே ஆற்றங்கரையில் பிரையன் குடும்பமும் இருந்தது. அவர்களும் பென்சில்வேனியாவிலிருந்து வர்ஜீனியா வழியாக வந்தவர்கள்தான். 1756 ஆகஸ்ட் 14 அன்று டேனியலுக்கும் ரெபெக்கா பிரையனுக்கும் திருமணம் நடந்தது. அவருக்கு 21, ரெபெக்காவுக்கு 17. சமாதான நீதிபதியாக இருந்த டேனியலின் தந்தையே திருமணத்தை நடத்திவைத்தார். பெண் பார்க்கும் காலத்தில் டேனியல் வேண்டுமென்றே ரெபெக்காவின் வெள்ளை ஏப்ரனைக் கத்தியால் கிழித்தாராம். பெண் கோபப்படுகிறாளா என்று பார்த்தாராம். இந்தக் கதையைப் பேரப்பிள்ளைகள் வரைக்கும் சொல்லிவந்தார்கள். கோபப்படாத பெண் என்று பாராட்டுவதற்காகச் சொன்ன கதை அது. அடுத்த ஐம்பது வருடங்களுக்கு அந்தப் பெண்ணுக்கு எத்தனை பொறுமை தேவைப்பட்டது என்று தெரிந்த பிறகு அதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

புகுந்த வீட்டில் கால் வைத்ததுமே ரெபெக்கா இரண்டு பிள்ளைகளுக்குத் தாயானார். டேனியலின் அண்ணன் இஸ்ரேல், சபையை எதிர்த்து மணந்தாரே, அவர் காசநோயில் இறந்துபோனார். அவருடைய இரண்டு சிறுவர்களை வளர்க்கும் பொறுப்பு இளம் தம்பதி மேல் விழுந்தது. பின்னாளில் ரெபெக்காவின் பிறந்த வீட்டு உறவில் தாயை இழந்த ஆறு பிள்ளைகளும் இங்கேதான் வந்து சேர்ந்தார்கள். சொந்தப் பிள்ளைகள் பத்து: ஜேம்ஸ், இஸ்ரேல், சூசன்னா, ஜெமிமா, லவைனா, ரெபெக்கா, டேனியல் மார்கன், ஜெஸ்ஸி, வில்லியம், நேதன். முதல் பிள்ளை 1757இல், கடைசிப் பிள்ளை 1781இல். இருபத்து நான்கு வருடம் அந்த வீட்டில் தொட்டில் ஆடியிருக்கிறது.

கணவர் வீட்டில் இருந்த காலம் குறைவு. மான் தோல்தான் அன்றைய யாட்கினில் ரொக்கம். இலையுதிர் காலத்தில் கிளம்பும் வேட்டைக்காரர்கள் வசந்தத்தில் திரும்புவார்கள். சில சமயம் வருடக்கணக்காகும். அந்த மாதங்களில் சோளம் விதைத்து அறுப்பது, மாடு கறப்பது, விறகு வெட்டுவது, தோல் பதனிடுவது, பிள்ளைகளுக்குத் துணி நெய்வது, அக்கம்பக்கத்தில் பேறு பார்ப்பது எல்லாம் ரெபெக்காவின் வேலை. வீட்டுக் கஞ்சிக்குச் சிறு வேட்டையும் அவரே ஆடினார். எழுதத் தெரியாது, பத்திரங்களில் குறிதான் போடுவார். அதனால் அவர் கைப்பட ஒரு வரிகூட நமக்கு மிஞ்சவில்லை. கணவரைப் பற்றிப் புத்தகங்கள் குவிந்திருக்க, அவரைப் பற்றிப் பிறர் சொன்ன நினைவுகள் மட்டுமே கிடைப்பது இதனால்தான்.

நான்காவது குழந்தை ஜெமிமாவைப் பற்றி ஒரு வாய்மொழிக் கதை உண்டு. டேனியல் நெடுநாள் வராததால் இறந்துவிட்டார் என்று நினைத்து, ரெபெக்கா அவருடைய சகோதரர் ஒருவரோடு வாழ்ந்தார் என்றும், திரும்பி வந்த டேனியல் அந்தக் குழந்தையை மனமுவந்து ஏற்றுக்கொண்டார் என்றும் சொல்வார்கள். இதற்குச் சான்று கிடையாது. நான் நம்பவும் இல்லை. ஆனாலும் ஊருக்குள் இப்படி ஒரு பேச்சு உலவும் அளவுக்கு அந்த வீட்டில் ஆண் இல்லாத காலம் நீண்டிருந்தது. ஒன்று மட்டும் நிச்சயம். அப்பாவோடு கடைசி வரைக்கும் ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளை ஜெமிமாதான்.

1769 மே மாதம் டேனியல் ஜான் ஃபின்ட்லி முதலிய ஐந்து பேரோடு கென்டக்கிக்குப் போனார். டிசம்பரில் ஷானிகள் பிடித்துத் தோல்களைப் பறித்துக்கொண்டு, இது எங்கள் வேட்டைக்காடு, திரும்பி வராதே என்று எச்சரித்து விட்டுவிட்டார்கள். அவர் இரண்டு வருடம் கழித்து வெறுங்கையோடு வந்தார். கடன் இருந்தது. அடுத்த இரண்டே வருடத்தில் யாட்கின் வீட்டை விற்று, மனைவி மக்களோடு ஏறக்குறைய ஐம்பது பேரைத் திரட்டிக்கொண்டு புறப்பட்டார். அந்தப் பயணத்தில்தான் ஜேம்ஸ் இறந்தான்.

கூட்டம் கலைந்தது. பூன்களுக்குத் திரும்பிப்போக வீடு இல்லை. கிளிஞ்ச் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தெரிந்தவர் ஒருவரின் குடிசையில் ஒதுங்கினார்கள். அடுத்த வசந்தத்தில் டேனியல் தனியாக மகனின் குழியைத் தேடிப் போனார். ஓநாய்கள் மண்ணைக் கிளறியிருந்தன. தோண்டிப் பார்த்து, மீண்டும் ஆழப் புதைத்து மூடினார். அப்போது பெருமழை பிடித்துக்கொண்டது. வாழ்நாளில் அதுபோல் மனம் உடைந்த நேரம் வேறு கிடையாது என்று முதுமையில் தன் கடைசி மகனிடம் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் போனார்கள்? நிலம். 1775 மார்ச்சில் ரிச்சர்ட் ஹென்டர்சன் என்ற வட கரோலினா வழக்கறிஞர், சைக்கமோர் ஷோல்ஸ் என்னும் இடத்தில் செரோக்கித் தலைவர்களிடம் பத்தாயிரம் பவுண்டு மதிப்புள்ள சரக்குகளைக் கொடுத்து, கென்டக்கியின் பெரும்பகுதியைத் தான் வாங்கிவிட்டதாக எழுதிக்கொண்டார். டிராகிங் கனூ என்ற இளம் செரோக்கித் தலைவர் அதை வெளிப்படையாக எதிர்த்தார். அங்கே வேட்டையாடிவந்த ஷானிகளை யாரும் கேட்கவே இல்லை. நம் ஊர் வழக்கில் சொன்னால் வில்லங்கம் பார்க்காமல் முடித்த கிரயம். அந்த நிலத்துக்குப் பாதை வெட்டத்தான் பூன் முப்பது பேரோடு போனார். அவருக்கு ஈராயிரம் ஏக்கர் தருவதாக ஹென்டர்சன் வாக்குக் கொடுத்தார்.

பாதை வெட்டப் போனவர்களுக்குச் சமைத்துப்போட்டது யார் என்று பாடப்புத்தகங்களில் இருக்காது. பூனின் மகள் சூசன்னா. வயது 14. அதே மாதம்தான் வில்லியம் ஹேஸ் என்பவரோடு அவளுக்குத் திருமணமாகியிருந்தது. கேலவே என்ற குடும்பத்துக்குச் சொந்தமான ஓர் அடிமைப் பெண்ணும் உடன் இருந்தார். அந்த முதல் பாதையில் நடந்த பெண்கள் இவர்கள் இருவரும்தான்.

அந்தக் கோடையில் ரெபெக்காவுக்கு வில்லியம் பிறந்தான். பிறந்த சில நாளில் இறந்தான். அந்தக் குழந்தையைப் புதைத்துவிட்டு, செப்டம்பர் 8 அன்று ரெபெக்கா மற்ற பிள்ளைகளோடு கென்டக்கி ஆற்றங்கரையில் பாதை வெட்டியவர்கள் அமைத்த பூன்ஸ்பரோ கோட்டைக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார். கென்டக்கி ஆற்றின் கரையில் நின்ற முதல் வெள்ளைப் பெண்கள் தன் மனைவியும் மகளும்தான் என்று டேனியல் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். சூசன்னா அதற்கு முன்பே அங்கே சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள் என்பதை அப்பாவே மறந்துவிட்டார் போலும்.

பத்து மாதம் கழிந்தது. 1776 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஜெமிமாவின் பாதத்தில் நாணல் குத்திக் காயம். ஆற்றுத் தண்ணீரில் காலை நனைக்கலாமே என்று கேலவே வீட்டுப் பெண்கள் பெட்சி, ஃபேன்னி இருவரோடு ஓடத்தில் ஏறினாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஓடம் எதிர்க்கரைப் பக்கம் ஒதுங்கியதும் புதருக்குள்ளிருந்து ஐந்து பேர் பாய்ந்தார்கள். மூன்று ஷானிகள், இரண்டு செரோக்கிகள். பெண்களை இழுத்துக்கொண்டு வடக்கே போனார்கள்.

அழுதுகொண்டே போன பெண்கள் செய்த காரியம் இது: கிளைகளை ஒடித்தார்கள், துணியைக் கிழித்துப் போட்டார்கள், பெட்சி செருப்புக் குதிகாலை மண்ணில் அழுத்தி அழுத்தி வைத்தாள். பின்தொடர்ந்து வந்த டேனியலும் மற்றவர்களும் மூன்றாம் நாள் காலை அவர்களைப் பிடித்துவிட்டார்கள். கடத்தியவர்கள் காட்டெருமை இறைச்சியைச் சுட்டுக்கொண்டிருந்த வேளையில் தாக்கிப் பெண்களை மீட்டார்கள். ஐம்பது வருடம் கழித்து ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் ‘மொஹிக்கன்களில் கடைசி ஆள்’ நாவலில் பயன்படுத்திக்கொண்டது இந்தச் சம்பவத்தைத்தான். கடத்தியவர்கள் தங்களை முடிந்தவரை நல்லபடியாகவே நடத்தினார்கள் என்று ஜெமிமா பின்னாளில் சொல்லியிருக்கிறாள். நாவல்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் ஃபிளாண்டர்ஸ் கேலவே என்ற இளைஞனை மணந்தாள்; மீட்கப் போனவர்களில் அவனும் ஒருவன்.

1778 பிப்ரவரியில் உப்புக் காய்ச்சப் போன இடத்தில் டேனியல் பிளாக்ஃபிஷ் என்ற ஷானித் தலைவரிடம் சிக்கியதையும், அவரே டேனியலை மகனாகத் தத்தெடுத்து ஷெல்டோவி என்று பெயரிட்டதையும் சென்ற இதழில் விரிவாகப் பார்த்தோம். பிளாக்ஃபிஷ் தன் மகன் ஒருவனைப் போரில் இழந்திருந்தார். ஷானி வழக்கப்படி இறந்த பிள்ளையின் இடத்தை இன்னொருவர் நிரப்பலாம். மகனை இழந்த இரண்டு தகப்பன்கள் சில மாதம் ஒரே ஊரில் அப்பனும் பிள்ளையுமாக வாழ்ந்தார்கள் என்பது இந்தப் போர்க் காலத்தில் என்னை மிகவும் நெகிழவைத்த செய்தி.

அந்த மாதங்களில் ரெபெக்கா என்ன செய்தார்? கணவர் போய்விட்டார் என்றுதான் கோட்டையில் எல்லோரும் நினைத்தார்கள். அவரும் நம்பினார். சின்னப் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு, மலையைத் தாண்டி யாட்கினில் இருந்த பிறந்த வீட்டாரிடம் போய்விட்டார். ஜூன் மாதம் டேனியல் தப்பி, நான்கு நாளில் 160 மைல் ஓடி வந்து பூன்ஸ்பரோவில் நுழைந்தபோது குடிசை காலி. ஜெமிமா மட்டும் இருந்தாள். செப்டம்பரில் பிளாக்ஃபிஷ் நானூறுக்கும் மேற்பட்டவர்களோடு வந்து கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே சண்டை போடக்கூடிய ஆண்கள் அறுபது பேர் அளவில்தான். பெண்கள் குண்டு வார்த்தார்கள், துப்பாக்கியில் மருந்து திணித்துக் கொடுத்தார்கள், எரியும் கூரைகளை அணைத்தார்கள். முற்றுகை பதினோரு நாளில் முறிந்தது.

அதன் பிறகு நடந்தது ரெபெக்காவையும் சுட்டிருக்கும். உப்புக் காய்ச்சியவர்களைச் சரணடையச் சொன்னது துரோகம் என்று கோட்டைக்காரர்களே டேனியல் மேல் இராணுவ விசாரணை வைத்தார்கள். பிரையன் உறவினரில் பலர் ஆங்கில அரசருக்கு விசுவாசிகள். அதுவும் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றியது. குற்றமில்லை என்று தீர்ப்பு வந்து, மேஜராகப் பதவி உயர்வும் கொடுத்தார்கள். டேனியல் யாட்கினுக்குப் போய் மனைவியைச் சமாதானப்படுத்தி அழைத்துவரக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடப் பேச்சு என்னவென்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. கென்டக்கி வேண்டாம் என்று ரெபெக்கா பிடிவாதமாக இருந்திருப்பார் என்றே நினைக்கிறேன். அவருக்கு அதற்கான உரிமை இருந்தது.

திரும்பி வந்தார்கள். 1780இல் டேனியலின் சகோதரர் எட்வர்டு வேட்டைக்குப் போன இடத்தில் கொல்லப்பட்டார். எட்வர்டின் மனைவி மார்த்தா ரெபெக்காவின் உடன்பிறந்தவள். 1782 ஆகஸ்ட் 19, புளூ லிக்ஸ் போர். எதிரிகள் பதுங்கியிருப்பார்கள், ஆற்றைத் தாண்ட வேண்டாம் என்று டேனியல் தடுத்தும் மற்றவர்கள் கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் எழுபது பேர் போல விழுந்தார்கள். குதிரையில் ஏறிப் போய்விடு என்று மகன் இஸ்ரேலிடம் டேனியல் சொன்னார். அப்பாவை விட்டுப் போக மனமில்லாமல் நின்றவன் கழுத்தில் குண்டுபட்டுக் காலடியிலேயே சாய்ந்தான். வயது 23. உடலைத் தூக்க நேரமில்லை. சில நாள் கழித்து வந்து பொதுக் குழியில்தான் அடக்கம் செய்ய முடிந்தது. ரெபெக்கா இந்த மகனுக்கு விரிப்பும் கொடுத்தனுப்ப முடியவில்லை.

இப்படி வாங்கிய நிலம் என்ன ஆயிற்று?

ஹென்டர்சனின் கிரயம் செல்லாது என்று 1778இல் வர்ஜீனியா அறிவித்தது. ஹென்டர்சனுக்கு ஈடாக இரண்டு லட்சம் ஏக்கர் கொடுத்தார்கள். பூனுக்கு வாக்களித்த ஈராயிரம் ஏக்கர் காற்றில் போயிற்று. 1779இல் புது நிலச் சட்டம் வந்தது. 1778க்கு முன் குடியேறியவருக்கு 400 ஏக்கர். பக்கத்திலேயே மேலும் ஆயிரம் ஏக்கரை வாங்க முன்னுரிமை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உரிமைச் சீட்டு வாங்கி, இடத்தைப் பதிவு செய்து, அளவை எடுத்து, கட்டணம் கட்டி, கடைசியில் பட்டா பெற வேண்டும். எங்கேனும் ஒரு படி தவறினால் நிலம் போய்விடும். எல்லைக்கல் கிடையாது, ஓக் மரத்தில் வெட்டிய அடையாளம், ஓடையின் வளைவு, உப்பு ஊற்று, இவைதான் எல்லை. ஒரே நிலத்துக்கு மூன்று பேர், நான்கு பேர் உரிமை கோரினார்கள். கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக உரிமைகள் படிந்தன. கிழக்கிலிருந்து வழக்கறிஞரோடு வந்தவர் ஜெயித்தார். காட்டை வெட்டியவர் தோற்றார்.

டேனியலும் அளவையாளராக இருந்தவர்தான். தாளில் பல்லாயிரம் ஏக்கர் அவர் பெயரில் இருந்தது. அளவையில் நேர்மை இருந்தது, நுணுக்கம் போதவில்லை. அக்கம்பக்கத்தார் உரிமைச் சீட்டு வாங்க நம்பிக் கொடுத்த பணத்தையும் சேர்த்து 20,000 டாலரோடு 1780இல் வர்ஜீனியாவின் தலைநகருக்குப் போகும் வழியில், ஒரு விடுதியில் தூங்கும்போது அத்தனையும் திருடுபோனது. அந்தக் கடன் வருடக்கணக்கில் அவரைத் துரத்தியது. லைம்ஸ்டோன் படகுத்துறையில் சாப்பாட்டுக் கடையும் விடுதியும் வைத்தார்கள். அடுப்படி ரெபெக்காவின் பொறுப்பு. அங்கே பூன்களுக்குச் சொந்தமாக ஏழு அடிமைகள் இருந்ததை 1787ஆம் ஆண்டின் வரிப் பதிவு காட்டுகிறது. நிலத்தில் நீதி கிடைக்கவில்லை என்று வருந்திய குடும்பம் ஏழு மனிதர்களின் உழைப்பை விலைக்கு வாங்கி வைத்திருந்தது. அவர்கள் மேல் நமக்குப் பிரியம் உண்டாகும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1784இல் ஜான் ஃபில்சன் என்பவர் கென்டக்கியைப் பற்றி எழுதிய புத்தகம் வந்து, டேனியலின் பெயர் ஐரோப்பா வரை போயிற்று. வீட்டில் வழக்குகளின் சம்மன்கள் வந்துகொண்டிருந்தன. 1798இல் கென்டக்கி ஒரு மாவட்டத்துக்கு அவர் பெயரை வைத்தது. அதே வருடம் அதே கென்டக்கியில், நீதிமன்றத்துக்கு வராததற்காக அவர் மேல் பிடிவாரண்டும் பிறந்தது.

1799இல் அறுபத்து நான்கு வயதுக் கணவரும் அறுபது வயது மனைவியும் மீண்டும் மூட்டை கட்டினார்கள். மிசூரி அப்போது ஸ்பெயின் வசம். ஜெமிமா, சூசன்னா, டேனியல் மார்கன், நேதன் எல்லோரும் போனார்கள். பதினெட்டு வயது நேதனும் அப்போதுதான் அவனை மணந்த பதினாறு வயது ஆலிவ் வான் பிபரும் தனியாகக் குதிரையில் கிளம்பினார்கள். மிசூரி ஆற்றை ஒரு சிறு படகில் கடந்தபோது நேதன் துடுப்புப் போட்டான், ஆலிவ் சுக்கான் பிடித்தாள், குதிரைகள் நீந்தி வந்தன. நேதன் ஒரு குதிரையையும் சேணத்தையும் கடிவாளத்தையும் கொடுத்து 680 ஏக்கர் வாங்கினான். புதுப்பெண் ஆலிவின் முதல் வீட்டில் தரை போடவில்லை. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே நிற்கும். மாமியாரின் வாழ்க்கை மருமகளுக்கும் அப்படியே வந்தது.

அங்கேயும் கதை மாறவில்லை. ஸ்பானிய அரசு டேனியலுக்கு மானியமாகக் கொடுத்த நிலத்துக்குச் சரியான பதிவு இல்லை. 1803இல் அந்தப் பகுதியையே அமெரிக்கா வாங்கியதும் நிலம் பறிபோனது. 1814இல் அமெரிக்கக் காங்கிரஸ் திருப்பிக் கொடுத்தது. அதைக் கேள்விப்பட்டுக் கென்டக்கிக் கடன்காரர்கள் வந்தார்கள். டேனியல் பெரும்பகுதியை விற்று அடைத்தார்.

ரெபெக்கா அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1813 மார்ச்சில் ஜெமிமா வீட்டுப் பக்கம் மேப்பிள் மரப் பாலெடுத்துச் சர்க்கரை காய்ச்சப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு, மார்ச் 18 அன்று இறந்தார். வயது 74. அந்த வயதிலும் அடுப்பின் முன்தான் நின்றிருக்கிறார். டூக் ஓடைக்கு மேலே ஒரு மேட்டில் புதைத்தார்கள். அதன் பிறகு டேனியல் பிள்ளைகள் வீட்டில் மாறி மாறித் தங்கினார். தனக்கென்று செர்ரி மரத்தில் ஒரு சவப்பெட்டி செய்துவைத்து அடிக்கடி எடுத்துப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார். 1820 செப்டம்பர் 26 அன்று நேதனின் கல்வீட்டில் இறந்தார். மனைவியின் பக்கத்திலேயே அடக்கம் செய்யவேண்டும் என்று சொல்லியிருந்தார், அப்படியே செய்தார்கள்.

பிள்ளைகளைப் பற்றிச் சுருக்கமாக: டேனியல் மார்கன் கான்சாஸ் வரை போய்க் கான்சா பூர்வகுடிகளுக்கு விவசாயம் கற்பிக்கும் அரசு வேலை பார்த்தார். நேதனும் அவரும் உப்புக் காய்ச்சிய ஊற்றுக்குப் போன பாதை, மேற்கே போகும் பெரும்பாதையாக மாறியது. நேதன் குதிரைப்படை அதிகாரியானார். ஜெமிமா 1834 வரை இருந்தார்.

1851இல் லைமன் டிரேப்பர் என்ற ஆய்வாளர் எழுபது வயது நேதனையும் ஆலிவையும் தேடிப்போய், நாள்கணக்கில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டார். லினன் விரிப்பும், ஓநாய் கிளறிய குழியும், படகுக்குப் பக்கத்தில் நீந்திய குதிரைகளும் அந்தக் குறிப்புகளில்தான் இருக்கின்றன. ரக்கூன் தோல் தொப்பி போட்ட பூன் பிம்பத்தையும் நேதன் மறுத்திருக்கிறார்; அப்பா அழுத்திச் செய்த ஃபெல்ட் தொப்பிதான் போடுவார் என்றார். டிரேப்பர் அன்று போகாமல் இருந்திருந்தால் ரெபெக்கா நமக்கு வெறும் பெயராகவே நின்றிருப்பார். உங்கள் வீட்டில் எண்பது வயதுப் பாட்டி இருந்தால், அவர் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எதற்காக வந்தார், வரும்போது எதை விட்டுவிட்டு வந்தார் என்று கேட்டு எழுதிவையுங்கள். இந்த மாதமே செய்யுங்கள்.

1845இல் கென்டக்கிக்காரர்கள் மிசூரிக்கு வந்து, டேனியல், ரெபெக்கா இருவரின் எலும்புகளையும் தோண்டி எடுத்துப் போய், தலைநகர் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆற்றைப் பார்த்த மேட்டில் பெரிய விழா எடுத்துப் புதைத்தார்கள். எடுத்தது சரியான எலும்புகள்தானா என்று மிசூரிக்காரர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

அடுத்த இதழில் எதிர்க்கரைக்குப் போகலாம். 1777 நவம்பரில் ராண்டால்ஃப் கோட்டைக்குச் சமாதானம் பேச வந்து, அங்கேயே மகனோடு சேர்த்துக் கொல்லப்பட்ட ஷானித் தலைவர் கார்ன்ஸ்டாக்கின் குடும்பம்.

(தொடரும்)